தேக்கும் தேவாங்கும்

எங்கள் ஊர்ப்பக்கம் புன்செய் நிலத்துக்கே காடு என்றுதான் பேர். "காட்டுக்குப் போயிட்டு வாரேன்" என்று ஒருவர் கிளம்பினால் நிலக்கடலைக்குக் களை எடுக்கப் போகிறார் என்று அர்த்தம். திண்டுக்கல் மாவட்டம் அய்யலூர் பக்கம் மலையடிவாரத்தில் எங்கள் குடும்பத்துக்கு இருக்கும் ஆறு ஏக்கரும் அந்த வகைக் காடுதான். 1994இல் அப்பாவும் சித்தப்பாவும் சேர்ந்து அதில் தேக்கு வைத்தார்கள். அதன் பிறகு நிஜமாகவே காடாகிவிட்டது.

அந்தக் காலத்தில் தேக்குப் பைத்தியம் பிடிக்காத ஆளே கிடையாது. ஒரு கன்றுக்குப் பணம் கட்டினால் இருபது வருடத்தில் லட்சாதிபதி என்று பத்திரிகை பத்திரிகையாக விளம்பரம் வரும். அப்படிக் கட்டியவர்களில் பலருக்குக் கடைசியில் மரமும் இல்லை, பணமும் இல்லை. அப்பா அந்தத் தப்பைச் செய்யவில்லை, சொந்த நிலத்தில் வைத்தார். ஆனால் விளம்பரத்தின் கணக்கை மட்டும் அப்படியே நம்பினார். ஆறடிக்கு ஆறடி. ஏக்கருக்கு 1,210 குழி. நான்கு ஏக்கரில் ஏறக்குறைய 4,800 தேக்குக் குச்சி. மீதி இரண்டு ஏக்கர் ஓடைக்கரை. அதில் சீமைக் கருவேலம் தானாக வந்து உட்கார்ந்திருந்தது.

நெருக்கி நடுவதில் குற்றமில்லை. சின்ன வயதில் நெருக்கம் இருந்தால்தான் தேக்கு பக்கக் கிளை விடாமல் நேராக மேலே போகும். நடும்போதே ஐந்தாம் வருடம் கொஞ்சம், பத்தாம் வருடம் கொஞ்சம் என்று இடையிடையே மரங்களை வெட்டிக் கலைத்துவிடுவதாக முடிவு செய்திருக்க வேண்டும். அப்பாவிடம் அதை யாரும் சொல்லவில்லை. சொன்ன பிறகும் அவர் கேட்கவில்லை. "தண்ணி ஊத்தி வளத்த பிள்ளைய நானே வெட்டுறதா?" என்பார். பத்தொன்பது வருடம் ஒரு மரம்கூட வெட்டவில்லை. சித்தப்பாவின் ஒரு ஏக்கர் போக எங்கள் மூன்று ஏக்கரில் 2013இல் நான் எண்ணியபோது உயிரோடு நின்றவை 2,500 சொச்சம். நெஞ்சு உயரத்தில் நூல் பிடித்தால் பாதிக்கு மேல் ஒன்றரை அடிச் சுற்றளவுகூட இல்லை. கீழே ஒரு புல் கிடையாது. பறவைச் சத்தம் கிடையாது. மாசியில் இலை கொட்டிவிட்டால் குச்சி நட்ட மைதானம் மாதிரி இருக்கும்.

அந்த வருடம் அப்பாவைக் கேரளத்து நிலம்பூருக்குக் கூட்டிப் போனேன். பயணம் ஏதோ கோயிலுக்கு என்றுதான் வீட்டில் சொல்லியிருந்தது. சாலியாற்றின் மேல் அப்போது இருந்த தொங்குபாலத்தைத் தாண்டிப் போனோம், கனோலி தோட்டம். 1840களில், வெள்ளைக்கார கலெக்டர் கனோலியின் காலத்தில், சாத்து மேனன் என்ற அதிகாரியின் மேற்பார்வையில் வைத்த தேக்கு. உலகத்திலேயே பழைய தேக்குத் தோட்டம் என்று சொல்வார்கள். அப்பா அண்ணாந்து பார்த்தார், கட்டிப்பிடித்துப் பார்த்தார், கை எட்டவில்லை. அப்புறம் விவசாயி அல்லவா, எண்ண ஆரம்பித்துவிட்டார். ஐந்தரை ஏக்கருக்கு மேல் இருக்கும் இடத்தில் நூற்றுச் சொச்சம் மரங்கள்தான் மிச்சம். "மத்ததெல்லாம் எங்கடா?" என்றார். காலாகாலத்தில் எடுத்தது போக நிற்பவை இவை என்றேன். திரும்பி வரும் வழியெல்லாம் பேசவில்லை. பாலக்காடு தாண்டியதும், "தையில ஆள் பாரு" என்றார்.

தேக்குத் தோப்பைக் கலைப்பதில் நான் கற்றது இது. முதலில் வெட்ட வேண்டிய மரத்தைத் தேடிப் போனேன். கோணல், கவட்டை, நோஞ்சான் என்று குறி வைத்துக்கொண்டே போனதில் ஒரு பக்கம் முழுக்க மொட்டையாகி இன்னொரு பக்கம் நெருக்கமாகவே நின்றது. மேட்டுப்பாளையம் வனக் கல்லூரியில் ஒரு பயிற்சிக்குப் போன பிறகுதான் புரிந்தது. நிற்க வேண்டிய மரத்தை முதலில் தேர்ந்தெடுக்க வேண்டும். பத்துப் பன்னிரண்டு தப்படிக்கு ஒன்று, நேரான அடிமரம், வட்டமான தலை. அதற்கு ஒரு வெள்ளைப் பெயின்ட் பட்டை. அப்புறம் அந்த மரத்தடியில் நின்று அண்ணாந்து பார்க்க வேண்டும். அதன் தலையை எந்த மரத்தின் தலை இடிக்கிறதோ அதுதான் போக வேண்டியது. அடியில் நோஞ்சானாகக் கிடப்பது யாருக்கும் போட்டியில்லை. அதை வெட்டுவது கூலிக்குத் தண்டம். இதைப் பல பேர் தலைகீழாகச் செய்கிறார்கள், நானும் செய்தேன்.

இன்னொரு தப்பு, அவசரம். பத்தொன்பது வருடம் விட்டதை ஒரே தையில் சரிசெய்யப் பார்த்தேன். கிழக்கு மூலையில் மூன்றில் இரண்டு பங்கை எடுத்துவிட்டோம். இருட்டில் வளர்ந்த மரத்தின் மேல் திடீரென்று வெயில் அடித்ததும் அடிமரம் முழுக்கத் துளிர் விட்டது. அந்தத் துளிர் ஒவ்வொன்றும் பின்னால் பலகையில் முடிச்சுக் கண்ணாகத் தெரியும். இரண்டு வருடம் ஏணி வைத்துக் கிள்ளி எடுத்தோம். அதனால் மற்ற இடங்களில் பாதிக்கும் குறைவாக எடுத்துவிட்டு ஐந்து வருடம் கழித்து, 2019இல், மறுபடி கலைத்தோம்.

முதல் வெட்டில் வந்தது கழிதான். பந்தல்காரரும் சாரம் கட்டுபவரும் எடுத்துக்கொண்டார்கள். கூலியும் வண்டியும் போகக் கையில் நின்றது மிகக் குறைவு. "இதுக்கா இவ்வளவு?" என்று அண்ணன் கேட்டான். பதில் பத்து வருடம் கழித்துத்தான் வந்தது, அதுவும் சித்தப்பாவின் ஒரு ஏக்கரிலிருந்து. அவர் கடைசி வரை வெட்ட விடவில்லை. ஒரே நாளில் நட்ட மரம், ஒரே மண், ஒரே மழை. வேலிக்கு அந்தப் பக்கம் இன்றைக்கும் சராசரி இருபது அங்குலச் சுற்றளவு. இந்தப் பக்கம் வெள்ளைப் பட்டை போட்ட மரங்கள் முப்பத்திரண்டைத் தொடுகின்றன.

பன்னிரண்டு அங்குலம்தானே என்று தோன்றும். மர வியாபாரி அளக்கும் கணக்கில் போட்டுப் பாருங்கள். சுற்றளவை நான்கால் வகுத்து, அதை அதாலேயே பெருக்கி, 144ஆல் வகுத்து, அடி நீளத்தால் பெருக்கினால் கன அடி. பத்தடிக் கட்டை இருபது அங்குலம் என்றால் 1.74 கன அடி. முப்பத்திரண்டு என்றால் 4.44. இரண்டரை மடங்கு. அதோடு பருத்த கட்டையில்தான் உள்ளே வைரம் பாய்ந்த மரம் அதிகம், வெளிப்புற வெள்ளை மரம் குறைவு. கன அடி விலையும் சுற்றளவுக்குத் தக்கபடி ஏறும். இந்தக் கால்சுற்றளவுக் கணக்கு, கட்டையில் உண்மையில் இருக்கும் மரத்தில் சுமார் 78 சதவீதத்தைத்தான் காட்டும். அறுவையில் போகும் சேதாரத்துக்கு என்று அந்த மிச்சத்தைக் கழித்துவிடுகிறார்கள். அதற்கு மேல் பட்டைக்கு என்று இரண்டு அங்குலம் கழிப்பார்கள். இரண்டும் வழக்கம்தான், சண்டை போட்டுப் பிரயோஜனம் இல்லை. ஆனால் பட்டைக்குக் கழித்த பிறகு "சேதாரம்" என்று மூன்றாவதாக ஒன்றைச் சொன்னால் அங்கே நிறுத்துங்கள், அது ஏற்கெனவே கழித்தாயிற்று.

ராத்திரியில் மரத்தில் நடமாடும் சின்னப் பிராணியான தேவாங்கின் கதைக்கு வருகிறேன்.

சின்ன வயதில் அது எங்களுக்கு வசவுச் சொல். "தேவாங்கு மாதிரி முழிக்காத" என்று வாத்தியார் திட்டுவார். பார்த்தால் ஆகாது என்பார்கள். நேரில் பார்த்தது 2016 கார்த்திகையில், மோட்டார் போட ராத்திரி போனபோது. வேலியில் டார்ச் அடித்தால் இரண்டு செம்மஞ்சள் புள்ளி. பூனை என்று நினைத்தேன். அது கிளையைக் கையால் பிடித்து, யோசித்து, அடுத்த கையை வைத்து, மெதுவாக நகர்ந்தது. கால் கிலோகூட இருக்காது. பின்னால் காட்டுயிர் படிக்கும் பிள்ளைகள் கணக்கெடுக்க வந்தபோது சிவப்புக் கண்ணாடித்தாள் ஒட்டிய தலைவிளக்கோடு வந்தார்கள். வெள்ளை வெளிச்சம் அதன் கண்ணைக் கூசச் செய்யும் என்றார்கள். அன்றிலிருந்து எங்கள் டார்ச்சிலும் சிவப்புத் தாள்.

தேவாங்குக்குத் தாவத் தெரியாது. எனக்கு அவர்கள் சொன்னதிலேயே உபயோகமான தகவல் இதுதான். குரங்கு மாதிரி ஒரு மரத்திலிருந்து இன்னொன்றுக்குப் பாயாது. கிளையும் கிளையும் தொட்டுக்கொண்டிருந்தால்தான் போகும். இல்லையென்றால் தரையில் இறங்கும். இறங்கினால் நாய். அல்லது ரோடு. பெரும்பாலும் பூச்சி தின்னும், கொஞ்சம் மரப்பிசினும். பகலில் முள் பின்னிய புதரில் சுருண்டு தூங்கும். இதையெல்லாம் வைத்துப் பார்த்தால் நாங்கள் மார்தட்டிக்கொள்ளும் தேக்கு அதற்கு ஒன்றுக்கும் ஆகாது. மாசியில் இலை இல்லை, முள் இல்லை, கிளைகள் எட்டாத உயரத்தில். அது வாழ்ந்ததெல்லாம் எங்கள் தாத்தா காலத்து வேலியில். கிளுவை, சதுரக்கள்ளி, நடுநடுவே வெள்வேல், உசில். உசிலை எங்கள் பக்கம் அரப்பு மரம் என்போம், அதன் இலையைக் காயவைத்து இடித்துத்தான் தலைக்குத் தேய்ப்பது. மலையிலிருந்து ஓடை வரை அந்த வேலி ஒரு நீளப் பாலமாக இருந்திருக்கிறது. எங்களுக்கு அது வெறும் வேலி.

இது தெரிவதற்குள் நான் ஒரு காரியம் செய்துவிட்டேன். 2017இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் உத்தரவுக்குப் பிறகு எங்கு பார்த்தாலும் சீமைக் கருவேலத்தைப் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். நானும் ஜேசிபி வரவழைத்து ஓடைக்கரை இரண்டு ஏக்கரையும் இரண்டே நாளில் வழித்தெடுத்தேன். வேரோடு போனால்தான் திரும்ப வராது என்று கரையையும் தோண்டினோம். அந்த ஐப்பசி மழையில் கரை மண் சரிந்து ஓடை என் நிலத்துக்குள் ஐந்தடி வந்தது. வேலியின் கீழ்ப்பக்கத்தில் அதன் பிறகு இரண்டு வருடம் கண் மினுங்கவில்லை. சீமைக் கருவேலம் நல்ல மரம் என்று சொல்ல வரவில்லை. அதை எடுக்கத்தான் வேண்டும். ஆனால் முப்பதடிப் பட்டையாக ஒரு வருடம், அந்த இடத்தில் வெள்வேலும் உசிலும் வைத்து அவை ஆளுயரம் வந்த பிறகு அடுத்த பட்டை என்று போயிருக்க வேண்டும். இப்போது அண்டை நிலத்துக்காரருக்கு அப்படித்தான் சொல்லிக்கொடுக்கிறேன். அவர் பொறுமையாகக் கேட்கிறார், என் கரையைக் காட்டிச் சிரிக்கவும் செய்கிறார்.

2022 அக்டோபரில் கடவூர் தேவாங்கு சரணாலயம் அறிவித்தார்கள். திண்டுக்கல், கரூர் இரண்டு மாவட்டத்திலுமாக 11,806 ஹெக்டேர், நாட்டிலேயே தேவாங்குக்கென்று முதல் சரணாலயம். ஊரில் பீதி. இனி மரம் வெட்ட விட மாட்டார்கள், ஆடு மேய்க்க விட மாட்டார்கள் என்று வியாழக்கிழமைச் சந்தையில் இதே பேச்சு. சரணாலயத்தில் சேர்த்தது அரசின் காப்புக் காடுகளைத்தான். எங்கள் தோப்பில் அதன் பிறகும் கவாத்து செய்திருக்கிறோம், காய்ந்ததை எடுத்திருக்கிறோம். தேவாங்கைப் பிடிப்பதும் கொல்வதும் 1972ஆம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி எப்போதுமே குற்றம், அதற்குச் சரணாலயம் வர வேண்டியதில்லை.

நாங்கள் இப்போது கடைப்பிடிப்பது பெரிய வித்தையொன்றும் இல்லை. வேலிக்கு உட்புறம் இருபதடி அகலத்துக்குத் தேக்கைப் படிப்படியாக எடுத்துவிட்டு உசில், வெள்வேல், வேம்பு. வேங்கையும் நாற்பது வைத்தேன், பதினொன்று பிழைத்தது. ஆட்டுக்கும் மயிலுக்கும் தப்ப வேண்டுமே. மயிலைப் பற்றிக் கேட்காதீர்கள், நாற்றுப் பையைக் கிழித்துப் போட்டு வேரைக் கிளறும் பறவையை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. கன்றைச் சுற்றி முள் வெட்டிப் போட்டுத்தான் காப்பாற்றுகிறோம். வெட்டிய தேக்கின் அடியில் வரும் துளிரை இரண்டு வருடம் விட்டுவைக்கிறோம். தரையோடு ஒரு மறைப்பு கிடைக்கிறது. தோப்பைக் கலைத்து வெளிச்சம் இறங்கியதும் காரை, சூரை முட்செடியெல்லாம் தானாக வந்தன. அதைக் களை என்று வெட்டிக்கொண்டிருந்த ஆளை நிறுத்தவே எனக்கு ஒரு வருடம் ஆயிற்று, ஏனென்றால் அந்த ஆள் அப்பா. தோட்டம் சுத்தமாக இல்லாவிட்டால் ஊர் சிரிக்கும் என்பது அவர் கவலை.

இலைச் சருகை என்ன செய்வது என்பதில் மட்டும் இன்னும் தடுமாற்றம் உண்டு. அதைக் கூட்டாமல் விட்டால் ஐப்பசியில் ஆறுமணிக் குருவி வந்து பங்குனி வரை சருகைக் கிளறிப் பூச்சி பொறுக்கும். அதன் இரட்டை விசில் கேட்காத வருடம் எனக்கு வருடமாகத் தோன்றவில்லை. ஆனால் அதே சருகில் 2018 பங்குனியில் யாரோ போட்ட பீடி பற்றி ஒரு ஏக்கர் கருகியது. தேக்கு செத்துவிடாது, ஆனால் அடிப்பட்டை வெந்த மரத்தில் பின்னால் பொந்து விழும், வெட்டும்போது முதல் நான்கடி வீண். இப்போது தை கடைசியில் பாதையோரமும் எல்லையோரமும் பத்தடிக்குச் சுத்தமாகக் கூட்டி, அந்தச் சருகை உள்ளே மழைநீர்க் குழிகளில் கொட்டுகிறோம். நடுத்தோப்பைத் தொடுவதில்லை.

பூச்சிக்கு மருந்து அடிப்பதில்லை. இதைத் தியாகம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், கணக்குத்தான். தேக்கு இலையை இரண்டு புழு தின்னும். முதல் மழையோடு இளந்துளிரை மொட்டையாக்குவது ஒன்று. அது பொல்லாதது. நிலம்பூரில் கேரள வன ஆராய்ச்சி நிறுவனம் ஆய்வு செய்தபோது, இளம் தோட்டங்களில் அதனால் வளர்ச்சியில் 44 சதவீதம் வரை போவதாகக் கண்டார்கள். இன்னொன்று மழைக்காலக் கடைசியில் முற்றிய இலையைச் சல்லடையாக்குவது. எங்கள் தோப்பில் பெரும்பாலும் வருவது அதுதான். பார்க்கத்தான் பயங்கரம், எப்படியும் உதிரப்போகும் இலை. அறுபது அடி உயரத்தில் மருந்து அடிக்க ஆகும் செலவுக்கு அந்தச் சேதம் காணாது. அடித்தால் தேவாங்குக்கும் சாப்பாடு போச்சு.

மொட்டைப் பனை நான்கு உண்டு. தலை போய் வெறும் தூணாக நிற்பவை. கிளியும் மைனாவும் புள்ளி ஆந்தையும் மாறி மாறிக் குடியிருக்கின்றன. விறகுக்குக் கேட்டு வந்தவரை அப்பாவே திருப்பி அனுப்பினார். ஆந்தை கத்தினால் ஆகாது என்று சொல்லும் அதே மனுஷன், கடலைக் காட்டில் எலி குறைந்ததைப் பார்த்துவிட்டார்.

காகித விஷயத்தில் பட்டதையும் சொல்ல வேண்டும். 2019 வெட்டுக்கு ஆள் வந்து நின்றபோதுதான் தெரிந்தது, எந்த நிலத்தில் என்ன பயிர் என்று எழுதிவைக்கும் கிராமக் கணக்கான அடங்கலில் எங்கள் நிலம் மானாவாரிக் கடலை என்றே இருபத்தைந்து வருடமாக இருக்கிறது. மரமே இல்லாத நிலத்திலிருந்து தேக்கை எப்படி ஏற்றுவது? தேக்கை வண்டியில் கொண்டுபோக வனத்துறைச் சீட்டு வேண்டியிருந்தது. அதற்கு நிலத்தின் ஆவணத்தில் மரம் இருக்க வேண்டும். ஓர் அலுவலகத்தில் இன்னொன்றுக்குக் கைகாட்டினார்கள், அந்த இன்னொன்றில் முதலாவதுக்குக் கைகாட்டினார்கள். நான்கு மாதம். அதற்குள் நல்ல பருவம் போய்விட்டது. போதாததற்குக் கூட்டுப் பட்டா. அப்பா, சித்தப்பா, இரண்டு அத்தைமார். பெரிய அத்தை பெங்களூரில் மகள் வீட்டில். கையெழுத்து வாங்கப் போனால், "எம் பங்குல எத்தன மரம்டா?" என்றார். நியாயமான கேள்வி, யாரிடமும் பதில் இல்லை. கன்று வைத்த வருடமே அடங்கலில் ஏற்றிவிடுங்கள், வீட்டுக்குள் பங்கை எழுதி வையுங்கள். எந்த மரத்துக்கு எந்தச் சீட்டு என்பது மரத்துக்கு மரம் மாறும், விதியும் திருத்தப்படும். ஆள் பிடிக்கும் முன் வனச்சரக அலுவலகத்தில் ஒரு நடை கேட்டுவிடுவது நல்லது. பனை வைத்திருப்பவர்கள் கூடுதல் கவனம். பச்சைப் பனையை வெட்டக் கலெக்டர் அனுமதி வேண்டும் என்று 2021இல் அரசு அறிவித்திருக்கிறது.

அந்த 2019 வெட்டில் வியாபாரியிடமும் ஏமாந்தோம். நிற்கும் மரத்தை மொத்தமாகக் குத்துமதிப்பு விலைக்குப் பேசியது என் சோம்பேறித்தனம். 600 மரத்துக்குப் பெயின்டில் எண் போட்டிருந்தோம், நெஞ்சு உயரத்தில். மரம் போனால் எண்ணும் அதோடு லாரியில் போய்விடுகிறது. மிஞ்சிய அடிக்கட்டைகளை எண்ணினால் 631. எது குறி போட்டது, எது போடாதது என்று எப்படி நிரூபிப்பது? போதாததற்கு வேலிப்பக்கம் சாய்த்த நான்கு மரம் உசில் வரிசையை நொறுக்கிப் போட்டது. இப்போது இரண்டு இடத்தில் குறி, ஒன்று நெஞ்சு உயரத்தில், இன்னொன்று வாள் படும் இடத்துக்குக் கீழே தூரில். விலை கன அடிக் கணக்கில், அளவு எங்கள் களத்தில், எங்கள் நூலில். எந்தப் பக்கம் சாய்ப்பது என்பதும் பேச்சில் சேர்த்தி. வேலை பொழுதோடு முடிய வேண்டும், வெட்டு தை மாசிக்குள். தேய்பிறையில் வெட்டினால் வண்டு விழாது என்பார் ஆசாரி. நான் நம்பவும் இல்லை, மறுக்கவும் இல்லை. எப்படியும் மாசத்தில் பாதி நாள் தேய்பிறைதானே.

இந்தத் தையில் மூன்றாவது கலைப்பு. சித்தப்பா போன வருடம் காலமானார். அவர் மகன் தன் ஒரு ஏக்கரையும் சேர்த்துக் குறி போடச் சொல்லியிருக்கிறான். எங்கள் பக்கம் 140 மரம் முடிவாகிவிட்டது. ஒன்றுக்கு மட்டும் இன்னும் எண் போடவில்லை. கிழக்கு வேலி ஓரம் கொஞ்சம் சாய்ந்து நிற்பது, சுற்றளவு முப்பத்தெட்டு அங்குலம், தோப்பிலேயே பருத்தது. 2019இல் நொறுங்கிய இடத்தில் உசில் இன்னும் சேரவில்லை. அந்த இடைவெளியை இந்த மரத்தின் ஒரு கிளைதான் மூடியிருக்கிறது. புரட்டாசியில் அந்தக் கிளையில் ஒரு தேவாங்கு முதுகில் குட்டியோடு கடந்ததை அண்ணனும் பார்த்தான். இருந்தாலும் அது ஒன்றே நாலு மரத்துக்குச் சமம் என்கிறான், அதுவும் பொய்யில்லை. கிளையை விட்டுவிட்டு மரத்தை வெட்ட முடியுமா என்று அப்பா கேட்கிறார். பெயின்ட் டப்பா மோட்டார் ரூமில் இருக்கிறது.